பதிவேட்டில் இல்லாத வரலாறு



 பொன்விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபோது, இது எளிய வேலை என்றே எண்ணினோம். பங்குத் தந்தையின் அனுமதியோடு அறை வீட்டு அலமாரியைத் திறந்தோம். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தன. பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், தேதி, குருவின் கையொப்பம் என்று எல்லாம் கிடைத்தன. ஆனால் ஒரு மாதம் அவற்றைப் புரட்டிய பின்னும் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

காரணத்தைப் பின்னர்தான் உணர்ந்தோம். ஒருவர் எப்போது பிறந்தார், எப்போது மணந்தார், எப்போது இறந்தார் என்பதைப் பதிவேடு சொல்லும். இடையில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அது சொல்லாது. அதை அறிய ஒரே வழிதான் உண்டு. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நமது மொழியில் 'கேள்' என்னும் சொல் வினாவுவதையும் குறிக்கும், செவி கொடுப்பதையும் குறிக்கும். வள்ளுவரும் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் பேசுவது செவியால் பெறும் செல்வத்தைப் பற்றியே. நம் பங்கின் வரலாறு இந்த இரண்டு பொருளிலும் கேட்டுப் பெற வேண்டிய வரலாறாகும்.

மலையேறி வந்த முதல் குரு

நீலகிரிக்கு வந்ததாக எழுத்துச் சான்று உள்ள முதல் ஐரோப்பியர் துரையும் அல்லர், படைத்தளபதியும் அல்லர். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இத்தாலி நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குருவாகிய யாக்கோமோ பெனிச்சியோ அடிகளார் கள்ளிக்கோட்டையில் பணியாற்றி வந்தவர். ஜான் சலிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து குடியேறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603ஆம் ஆண்டில், அவர் இம்மலைமீது ஏறினார்.

அவர் ஏன் வந்தார்? மலையாளக் கரையோரத்தில் அந்நாளில் ஒரு செய்தி உலவியது. 'தோடமலை' என்னும் உயர்ந்த மலையில் பண்டைய தோமையார் கிறிஸ்தவர்களின் வழிவந்த மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் தம் விசுவாசத்தை மறந்துபோயினர் என்பதே அச்செய்தி. ஆயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகை முதலில் ஆள் அனுப்பி விசாரித்தார். அதன் பின்னரே பெனிச்சியோ அடிகளார் காடும் செங்குத்தான வழியும் கடந்து இங்கு வந்தார்.

வந்தவர் படகர் ஊரில் பேசினார், தோடர்களையும் சந்தித்தார். எருமைகளைப் பற்றியும், பால்மனையில் பணி செய்வோரைப் பற்றியும், திருமண வழக்கங்களைப் பற்றியும் கேட்டு அறிந்தார். தோடப் பெண்களுக்குச் சிறு கண்ணாடிகளைக் கொடுத்தார் என்றும் அவருடைய குறிப்பில் காண்கிறோம். தாம் எதிர்பார்த்து வந்த கிறிஸ்தவர்கள் இவர்கள் அல்லர் என்பதை அவர் கண்டுகொண்டார். கண்டதை மறைக்காமல் அப்படியே எழுதினார். போர்த்துக்கீசிய மொழியில் இருந்த அந்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பை, தோடர்களைப் பற்றி ஆராய்ந்த டாக்டர் ரிவர்ஸ் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலின் இறுதியில் சேர்த்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அடிகளார் ஒரு கதையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மலை மக்களோ அவருக்கு வேறொரு கதையைச் சொன்னார்கள். அவர் தம் கதையை அவர்கள்மீது ஏற்றாமல், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியதனால்தான் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறிக்கை பயன்படுகிறது. விரும்பியதை எழுதியிருந்தால் அது இன்று வெறும் வதந்தியாக இருந்திருக்கும்.

ஒருவர் சொல்ல ஒரு நூல்

இன்னும் ஒரு சான்றையும் இம்மலையிலிருந்தே காட்ட விரும்புகிறோம். கோத்தர்கள் ஏழு ஊர்களில் வாழ்பவர்கள். இரும்பு வேலை, மட்பாண்டம், இசை ஆகியவற்றில் வல்லவர்கள். அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து இல்லை. 1935ஆம் ஆண்டு முதல் 1938 வரை இங்கு தங்கியிருந்த எமனோ என்னும் மொழி அறிஞர், சுள்ளி என்னும் கோத்தரிடம் நாள்தோறும் அமர்ந்து அவர் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். அவைதாம் பெரும்பாலும் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த கோத்தர் கதைத் தொகுதி. மாண்டல்பாம் என்னும் மானிட இயல் அறிஞரும் இதே சுள்ளியிடம் கற்றவரே. தம் மக்களுக்கிடையே மாற்றத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட சீர்திருத்தக்காரர் என்று அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

எமனோ தோடர் பாடல்களையும் கேட்டு எழுதினார். அந்தப் பெரிய நூல் 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. கேட்டதற்கும் அச்சானதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அவர் அன்று கேட்காமல் விட்டிருந்தால், பாடியவர்களோடு அப்பாடல்களில் பலவும் மண்ணுக்குள் போயிருக்கும்.

அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் நம் அண்டை வீட்டாரின் கதையைக் கேட்டார்கள். ஒரே கோவிலில் ஒரே பலகையில் அமரும் நாம் ஒருவர் கதையை ஒருவர் கேட்டோமா? இக்கேள்வி எங்களை மிகவும் உறுத்தியது. உறுத்தியதற்குத் தக்க காரணமும் உண்டு.

ஒரே ஒரு வரி

நம் பங்கின் வெள்ளி விழா மலரை எடுத்துப் பார்த்தோம். கோவில் கட்டிய வரலாறு, பங்குத் தந்தையர் பட்டியல், கெபி அர்ச்சிப்பு, மணி வாங்கிய செலவு எல்லாம் விரிவாக இருந்தன. ஆனால் இன்று பங்கில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: இலங்கையிலிருந்து வந்தவர்களால் பங்கின் மக்கள் தொகை பெருகியது. அந்த வரியை எழுதியவர்களில் எங்களில் சிலரும் உண்டு. அதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இளையோர் அறியும் பொருட்டு அந்த வரிக்குப் பின்னால் உள்ள வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, வறட்சியும் பஞ்சமும் வாட்டிய நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழை மக்களைக் கங்காணிகள் திரட்டிச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தே மலைநாடு சேர்ந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். காப்பிச் செடி நோய்கண்டு அழிந்தபின் தேயிலை வந்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைநாடெங்கும் பரவியது. அதை வளர்த்தவர்கள் நம் மக்கள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், புதிய குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பின்னர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவை மூட்டைகள் அல்ல, மனிதர்கள் என்பதை இந்த எண்களைப் படிக்கும்போது நாம் மறந்துவிடலாகாது.

அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழக அரசு 1968ஆம் ஆண்டில் வனத்துறையின் மூலம் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே 1976இல் 'டேன்டீ' என்று நாம் அழைக்கும் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பாண்டியார், சேரம்பாடி என்று காடு வெட்டித் தவறணை போட்டு, தேயிலை நட்டு வளர்த்தவர்கள் இம்மக்களே. தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் எஸ்டேட்டுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் கூலிக்குச் சேர்ந்தார்கள்.

நாங்கள் கேட்டவை

கடந்த தவக்காலத்தில் தொடங்கி, வாரந்தோறும் ஞாயிறு பூசைக்குப் பின் இரண்டிரண்டு பேராக முதியோர் வீடுகளுக்குச் சென்றோம். அவர்கள் சொன்னவற்றில் சிலவற்றை மட்டும், அவர்கள் அனுமதியோடும் பெயர் குறிக்காமலும் இங்கு எழுதுகிறோம்.

ஒரு மூதாட்டியார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்கள் பக்கத்தில் கடைசிப் பலகையில் அமர்பவர். "பாட்டி, முன்னால் வந்து உட்காரக் கூடாதா?" என்று எத்தனையோ முறை நாம் சொல்லியிருக்கிறோம். ஏன் அங்கேயே அமர்கிறார் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. இப்போது கேட்டோம். இங்கு வந்த முதல் ஞாயிறன்று முன் பலகையில் அமர்ந்தபோது, அது இன்னார் குடும்பத்து இடம் என்று யாரோ எழுப்பிவிட்டார்களாம். கோபமின்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரே மற்றொன்றும் சொன்னார். அக்காள் தங்கை இருவரில் அவருக்கு இந்தியக் குடியுரிமை, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை. தலைமன்னாருக்குப் போகும் கோச்சி நகரும்வரை தங்கை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். தாயார் இறந்த செய்தி கடிதத்தில் வந்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. அன்று லயத்தில் யாரிடமும் சொல்லாமல் வழக்கம்போலப் பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தாராம். "சொல்லி என்ன ஐயா, யாருக்கு அவுங்களைத் தெரியும்?" என்றார். நம் கோவிலில் மரித்தோருக்காக எத்தனையோ பூசைகள் ஒப்புக்கொடுக்கப்பட்டுள்ளன. அந்தத் தாயாருக்கு ஒன்றுகூட இல்லை. கடந்த நவம்பரில்தான் ஒப்புக்கொடுத்தோம். அன்று மூதாட்டியார் முன் பலகையில் அமர்ந்திருந்தார்.

பக்கப் பீடத்தில் உள்ள சிறிய அந்தோணியார் சுரூபத்தை எல்லாரும் அறிவோம். செவ்வாய்தோறும் அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஊட்டியில் வாங்கியது என்றே நினைத்திருந்தோம். அது ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தின் கோடியில் இருந்த சிற்றாலயத்தில் இருந்ததாம். கிளம்பும்போது பெரியவர் ஒருவர் அதைக் கம்பளியில் சுற்றிச் சமையல் பாத்திரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பாத்திரங்களில் பாதியை அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று. இதைச் சொன்னவர் அப்பெரியவரின் மகன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றோம். யாரும் கேட்கவில்லையே என்றார்.

பாதியில் நிறுத்தலாகாது

கேட்பதிலும் ஒரு முறை உண்டு என்பதை எங்கள் தவற்றால் அறிந்தோம். ஒரு பெரியவர் தாம் தனுஷ்கோடியில் இறங்கியதாகச் சொன்னார். அவர் தாயகம் திரும்பியதோ 1970க்குப் பின். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிற்று. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கே வந்தது. ஆகவே வயதின் மறதி என்று எண்ணி, எங்கள் குறிப்பேட்டில் அதை அடித்துவிட்டோம்.

எங்களோடு வந்த கல்லூரி மாணவி மட்டும் மறுவாரம் தனியே போய், "தாத்தா, தனுஷ்கோடியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அவர் கடல் கடந்தது இரண்டு முறை. சிறுவனாக இருந்தபோது, பாட்டியின் சாவுக்குப் பெற்றோருடன் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து திரும்பியிருக்கிறார். அந்நாளில் கப்பலை விட்டு இறங்கியதும் ரயில் நிற்கும். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்த நாள் முதல் இருந்த ஏற்பாடு அது. இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அந்தத் துறையும் இல்லை, கிராமத்தில் உறவென்று சொல்லிக்கொள்ள ஆளும் இல்லை. "முதல்ல எறங்கின எடந்தான் நெஞ்சுல நிக்குது" என்றார். பெரியவர் தவறாகச் சொல்லவில்லை. நாங்கள்தாம் பாதியில் கேட்பதை நிறுத்தினோம்.

முதியவர் சொல்லும் ஆண்டு பிசகலாம், அதைச் சரிபார்ப்பது நம் கடமை. ஆனால் பிசகு தென்பட்ட இடத்தில் அடிக்காமல், இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உண்மை பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்விக்காகக் காத்திருக்கிறது.

சிலர் பேச மறுத்தார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தை அனுபவித்த ஒருவர், அது வேண்டாம் என்று கையமர்த்தினார். நாங்கள் வற்புறுத்தவில்லை. தேநீர் குடித்துவிட்டு அந்தோணியார் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மௌனத்தை மதிப்பதும் செவிகொடுத்தலில் சேர்ந்ததே.

இன்னொரு வீட்டில் எங்களுக்கு நேர்ந்தது என்றும் மறக்காது. எண்பத்தேழு வயதுப் பெரியவர் தோட்டத்தில் கோவில் பிள்ளையாக இருந்தவர். அந்நாளில் தாம் சொல்லிக்கொடுத்த செபங்களையும் பாட்டுகளையும் சொல்லத் தொடங்கினார். மழை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று எழுந்தோம். அடுத்த ஞாயிறு மலர்க்குழுக் கூட்டம், அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். மூன்றாம் வாரம் போனபோது அது அவருடைய அடக்கப் பூசைக்காக இருந்தது. அடக்கப் பதிவேட்டில் அவர் பெயரும் தேதியும் சரியாக எழுதப்பட்டுள்ளன. அவர் சொல்ல இருந்தது எங்கும் எழுதப்படவில்லை.

எம்மாவு வழியில்

உயிர்த்த ஆண்டவர் எம்மாவு வழியில் இரு சீடரோடு நடந்த நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், நடந்ததே அவருக்குத்தான். ஆயினும் தெரியாதவர்போல, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்டார். அவர்கள் தங்கள் துயரத்தையும் ஏமாற்றத்தையும் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார். மறைநூலை விளக்கியதும் அப்பத்தைப் பிட்டதும் அதன் பிறகுதான். கேட்டல் முதலில், போதனை பின்னர் என்பது ஆண்டவரே காட்டிய ஒழுங்கு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த உலக ஆயர் மாமன்றத் தயாரிப்பில், ஒவ்வொரு பங்கிலும் மக்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றே பணித்தார். நம் பங்கிலும் படிவங்களை நிரப்பி அனுப்பினோம். படிவத்துக்கு வெளியே இன்னும் நிறைய இருக்கிறது என்பதை இப்போது கண்டோம்.

இது பழங்கதை மட்டும் அன்று. டேன்டீ நட்டத்தில் நடப்பதால் அதன் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க 2022ஆம் ஆண்டில் அரசு முடிவு செய்தபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர் குடும்பங்கள் குடியிருப்பை எண்ணிக் கலங்கின. பாட்டனார் ஒரு முறை பெட்டி கட்டினார், பேரனும் கட்ட வேண்டுமா என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அவருடைய குடும்பத்தின் கதை தெரியாதவருக்கு அது வீடு பற்றிய சாதாரணக் கவலையாகவே தோன்றும். தெரிந்தவருக்கு அதன் கனம் விளங்கும். விளங்கினால்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், அலுவலகத்துக்குத் துணையாகப் போகவும், பங்காக நின்று பேசவும் நமக்கு மனம் வரும்.

ஆகவே பொன்விழா நினைவாக ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். கொடிமரத்துக்கும் வளைவுக்கும் நன்கொடை தந்த தாராள மனத்தோடு இதற்கும் நேரம் தாருங்கள். அறை வீட்டு அலமாரியில் மூன்று பதிவேடுகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு நினைவுப் பதிவேடு வைக்கப் பங்குத் தந்தை இசைந்துள்ளார். ஒவ்வோர் அன்பியமும் மாதம் ஒரு முதியவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டும் அதில் எழுதட்டும். இலங்கையிலிருந்து வந்தவர், கொங்கு நாட்டிலிருந்து மலையேறி வந்தவர், கேரளத்திலிருந்து வந்தவர், இம்மலையிலேயே பிறந்தவர் என்ற வேற்றுமை வேண்டாம். இளைஞர் எழுதட்டும், பெரியோர் சொல்லட்டும். மழை வந்தாலும் பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

வெள்ளி விழா மலரின் அந்த ஒரு வரியைத் திருத்தவே இக்கட்டுரையை எழுதினோம். முழுவதும் திருத்திவிட்டோம் என்று சொல்லமாட்டோம். வைர விழா மலரை எழுதப்போகிறவர்கள் அலமாரியைத் திறக்கும்போது, எங்களைப்போல் ஒரு பக்கத்தோடு திகைத்து நிற்காதிருக்க இறைவன் அருள்புரிவாராக. நமக்காகத் தம் கதையை மனம் திறந்து சொன்ன அனைவருக்கும், சொல்லாமலே நம்மை விட்டுப் பிரிந்த அனைவருக்கும் இப்பக்கங்களைப் பணிவன்போடு காணிக்கையாக்குகிறோம்.